பவர் ஏஜென்ட் தன் வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்கலாமா?

நிலத்தை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தன் நண்பரை அனுப்பிக் கையெழுத்துப் போட வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பத்திரத்தில் ‘துணை முகவரை நியமிக்கலாம்’ என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் பொதுவாகக் கூடாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 190ஆவது பிரிவு: தொழில் வழக்கம் அனுமதித்தாலோ வேலையின் தன்மை கட்டாயமாக்கினாலோதான் விலக்கு. கிரயப் பத்திரக் கையெழுத்து அந்த ரகமில்லை.

அதிகாரமில்லாமல் நியமித்தால் நண்பர் செய்தது உங்களைக் கட்டுப்படுத்தாது (193). முறையாக நியமித்தால் கட்டுப்படுத்தும். அவர் செயலுக்கு அண்ணன்தான் உங்களிடம் பொறுப்பு. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் நண்பரை நீங்கள் நேரடியாகப் பிடிக்க முடியாது. மோசடி, வேண்டுமென்றே செய்த தவறு என்றால் முடியும் (192).

அண்ணனின் பவரை ரத்து செய்தால் நண்பருடைய அதிகாரமும் கூடவே போய்விடும் (210). ஆனால் ரத்து விவரம் தெரியாமல் கிரயம் வாங்குபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் அவர்கள் இருவருக்கும், பேச்சு நடத்தும் தரப்புக்கும் உடனே பதிவுத் தபாலில் தெரிவித்துவிடுங்கள்.