நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. படிக்க வேண்டியதும் நிறைய, பிற ஆர்வங்களும் நிறைய. எதை விடுவது?

எதையும் விட வேண்டாம். ஆர்வம் ஒன்றை எடுத்து, படிப்பை அதன் மேல் ஏற்றுங்கள். வேலைக்கு வேண்டிய ஃபிரேம்வொர்க்கை வேலை நேரத்திலேயே கற்றுக்கொள்ளலாம். சொந்த நேரத்தை அதற்குக் கொடுப்பது வீண் என்பேன்.

மழையை எடுத்துக்கொள்வோம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் நம்முடையது. மழையை அளக்க, பக்கங்கள் நேராக நிற்கும் பாத்திரம் ஒன்று போதும். வாய் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ.; 1 மி.மீ. மழைக்கு 31.4 மி.லி. தண்ணீர் சேரும். தென்னை மரத்தடியில் மட்டும் வைக்காதீர்கள், மட்டையிலிருந்து வடியும் நீர் கணக்கைக் கெடுத்துவிடும்.

முதல் நாளே ஆப், வரைபடம், கிளவுட் என்று போனால் இரண்டாவது வாரம் கைவிடுவீர்கள். தொடக்கத்துக்கு எஸ்கியூலைட்டில் (ஒரே கோப்பில் அடங்கும் சிறிய தரவுத்தளம்) ஒரே அட்டவணை: இடம், தொடக்க நேரம், முடிவு நேரம், மி.மீ. தேதி மட்டும் ஏன் போதாது? தினமும் காலை 8.30க்கு அளந்தால், 17ஆம் தேதி அளவீட்டில் அடங்கும் 24 மணி நேரத்தில் பெரும்பகுதி 16ஆம் தேதிக்குரியது. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடினால் அந்த 8.30 அங்கே 3 மணி. நேரக் குழப்பத்தை இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரும் பயிற்சி வேறு இருக்கிறதா தெரியவில்லை.

அடுத்தது, அளக்காத நாள். அங்கே 0 போடக் கூடாது. 12, 0, 30, வெற்று, 18 என்ற ஐந்து நாளில், அளந்த நான்கு நாளின் சராசரி 15. வெற்று இடத்தில் 0 போட்டால் 12 ஆகிவிடும்.

ஊர்ப் பெயர்களில்தான் உண்மையான பாடம் இருக்கிறது. குழித்துறை, தக்கலை, பேச்சிப்பாறை எல்லாம் தமிழிலேயே ஏற்றுங்கள். 'நாகர்கோவில்' நம் கணக்கில் ஆறு எழுத்து. பைத்தான் நிரல்மொழியில் நீளத்தை எண்ணும் லென் 11 என்று சொல்லும். கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றையும் அது தனியாக எண்ணுகிறது. சில சமயம் 12 என்றும் வரும். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. தேடினால் பாதி வரிசைகள் காணாமல் போகும். உள்ளே ஏற்றும்போதே யூனிகோட் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். தேடும் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். 'நாகர்கோயில்' என்று எழுதுபவர்களுக்கு இது உதவாது, மாற்றுப் பெயர்களுக்குத் தனி அட்டவணை வேண்டும்.

வாரம் இரண்டு மாலை, ஒரு மணி நேரம் வீதம் போதும். எழுந்திருக்குமுன் அடுத்துச் செய்ய வேண்டியதை ஒரு வரியில் கோப்பின் தலையில் எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மாலையில் பாதி நேரம் விட்ட இடத்தைத் தேடுவதிலேயே போய்விடும். ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரே இடத்தில் அளந்தாலே 214 வரிசை கிடைக்கும். வினவல்களை (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளை) எழுதிப் பழக அது தாராளம்.

பறவைகள் பிடிக்கும் என்றால் சுசீந்திரம், தேரூர் குளங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அங்கும் அதே கேள்வி வரும்: பறவை வரவில்லையா, அன்றைக்கு நீங்கள் போகவில்லையா? இரண்டையும் தனித்தனியாகப் பதியுங்கள்.