அரசாங்கப் பக்கம் கை காட்டினால் கார்ட் நம்பர் கொடுக்கலாமா?

தம்பி, ரொறன்ரோ வந்து ஆறு மாசம், கிரெடிட் ரிப்போர்ட் (நம்ம கடன், கட்டிய விவரம் உள்ள அறிக்கை) எடுக்கப் போன இடத்தில் மாதச் சந்தா கேட்கிறாங்க, "அரசாங்கப் பக்கம்தானே அங்கே அனுப்பியது, கட்டித்தான் ஆகணுமா?" என்று கேட்டிருக்கீங்க. கட்ட வேண்டாம்.

கனடாவில் நம்ம கடன் விவரத்தை வைத்திருப்பது ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு தனியார் கம்பெனிகள். அரசின் நிதி நுகர்வோர் முகமை அங்கே அனுப்புவது அதனால்தான். உங்க ரிப்போர்ட்டை இரண்டிலும் இலவசமாக எடுக்கலாம். அதே கம்பெனிகள் சந்தா சேவையும் விற்கிறாங்க. காசு கட்டச் சொல்லி கார்ட் நம்பர் கேட்டால் நீங்க விற்பனைப் பக்கத்துக்குள் போயிட்டீங்க என்று அர்த்தம். திரும்பி வந்து இலவச ரிப்போர்ட் என்பதைத் தேடுங்க.

நீங்க ஏன் தடுமாறினீங்க என்று எனக்கு நல்லாத் தெரியும். நான் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவன். தோட்ட ஆபீஸிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் அது உத்தரவு. கணக்கப்பிள்ளை காட்டிய கடையில்தான் அப்பா அரிசி எடுப்பார். சம்பள நாளில் கடன் கழியும். வேறு கடையில் என்ன விலை என்று அவர் கேட்டதை நான் பார்த்ததே இல்லை. அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. இங்கே வந்த முதல் வருஷம், புதியவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பக்கத்தில் பணம் அனுப்பும் கம்பெனியொன்றின் லிங்க் இருந்தது. "கட்டணம் இல்லை" என்று போட்டிருந்தாங்க. அம்மாவுக்கு ஏழெட்டு மாசம் அதில்தான் அனுப்பினேன். டொலருக்கு அவங்க கொடுத்த ரூபாய் மற்ற இடங்களைவிடக் குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா மருந்துக்கு எண்ணி எண்ணிச் செலவழித்த காசு அது. இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அந்தத் தொண்டு நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஆங்கில வகுப்பு எடுத்துக் கொடுத்ததே அவங்கதான். ஆனால் இப்படிப்பட்ட இடங்கள் அனுசரணையாளர் காசிலும் ஓடுகின்றன. "பங்காளர்", "அனுசரணை" என்று ஒரு ஓரத்தில் எழுதியிருக்கும், அதைப் பாருங்க. இணைய முகவரி "ஓஆர்ஜி" (.org) என்று முடிந்தாலே தொண்டு நிறுவனம் என்றும் நினைக்காதீங்க, அதை யாரும் வாங்கலாம். கனடா அரசின் இணையத்தளமே, வெளி லிங்குகளில் உள்ள தகவலுக்குத் தான் பொறுப்பில்லை என்று நிபந்தனைகளில் எழுதி வைத்திருக்கிறது.

சின் நம்பருக்கும் (வேலைக்கும் அரசாங்கச் சேவைக்கும் வேண்டிய சமூகக் காப்பீட்டு எண், SIN) யாராவது காசு கேட்டால் கொடுக்காதீங்க. அரசின் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் அது இலவசம்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பெயரைப் பாருங்க. அப்பா பெயரும் நம்ம பெயரும் இடம் மாறி விழுந்திருக்கும். அப்படியிருந்தால் உடனே திருத்தச் சொல்லுங்க, அதற்கும் காசில்லை.