பூமராங் வாங்குமுன் மரத்தின் வரியைப் பாருங்கள்

கேள்வி: மெல்பேர்ணில் இருக்கும் மகளிடம் போகிறேன். திரும்பும்போது அந்நாட்டுப் பூர்வகுடிகள் செதுக்கிய பூமராங் ஒன்று வாங்கிவர ஆசை. கடைக்குக் கடை விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறதாம். அசலை எப்படி அறிவது? இங்கிருந்து மகளுக்குச் சிரட்டை அகப்பை கொண்டுபோகலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: மலிவுச் சரக்கில் நிறைய வெளிநாட்டில் செய்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளையும் டிஜெரிடூ என்னும் நீண்ட மர ஊதுகுழல்களையும் பூர்வகுடிகளின் கைவேலை போலக் காட்டி விற்ற நிறுவனமொன்றுக்கு 2019இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. அது விற்ற பொருட்கள் 18,000க்கும் மேல்! ஆகவே, 'பூர்வகுடிப் பாணி' என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காமல் விட்டுவிடுங்கள்.

பழைய முறையில் பூமராங்கைத் தட்டைப் பலகையில் அறுப்பதில்லை. முல்கா போன்ற மரத்தில், அடிமரம் வேராகத் திரும்பும் வளைவைத் தேடி வெட்டுவார்கள். கலப்பைக்கு வளைந்த மரம் தேடிய நம்மூர்த் தச்சர் செய்ததும் இதுதான். அப்படிச் செய்ததில் மரவரி வளைவோடு சேர்ந்தே ஓடும். பலகையில் அறுத்ததில் வரி நேரே போய் விளிம்பில் அறுபட்டு நிற்கும். விழுந்தால் அங்கேதான் உடையும். ஒட்டுப்பலகை என்றால் ஓரத்திலேயே அடுக்குத் தெரியும்.

டிஜெரிடூ வாங்கினால் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். வட அவுஸ்திரேலியாவில் உள்ள ஆர்னெம் லாண்டின் யோல்ங்கு மக்கள் கறையான் தின்று குடைந்த யூக்கலிப்டஸைத் தட்டிப் பார்த்தே தெரிவு செய்கிறார்கள். உட்புறம் கரடுமுரடாக இருந்தால் கறையானின் வேலை. குழாய் மாதிரி வழுவழுப்பாக இருந்தால் இயந்திரம் துளைத்தது.

அப்புறம், செய்தவர் பெயரையும் ஊரையும் கேளுங்கள். இது வெறும் விடுப்பு இல்லை. நடு அவுஸ்திரேலியாவில் உளுரு என்னும் பெரும்பாறைப் பக்கத்து அனங்கு மக்கள் நெருப்பில் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சுட்டுக் கோலமிடுவார்கள். அதில் வருவது அவர்களுடைய நிலத்தின் கதை. அடுத்தவர் நிலத்துக் கதையை நினைத்தபடி எடுத்துச் செதுக்க முடியாது. நல்ல கடைக்காரர் இந்த விவரத்தை எழுதியே தருவார். 'தெரியாது, மொத்தமாக வந்தது' என்றால் வேறு கடை பாருங்கள். உளுருவில் அனங்கு மக்களே சொந்தமாக நடத்தும் மருக்கு ஆர்ட்ஸ் இணையத்திலும் விற்கிறது.

சரி, அகப்பை. தாராளமாகக் கொண்டுபோகலாம். தும்பு ஒட்டியிராமல் சுத்தமாக இருக்கட்டும். பிடியில் மரப்பட்டையோ பூச்சி குடைந்த துளையோ இருக்கக்கூடாது. விமானத்தில் தரும் அட்டையில் மரப்பொருள், தாவரப்பொருள் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று போடுங்கள். காட்டினால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் திருப்பித் தருவார்கள். மறைத்துப் பிடிபட்டால் கட்டும் தண்டத்துக்கு அகப்பைக் கடையே வைக்கலாம்.