அடர் சிவப்புச் சுவர்: பெயின்ட்டுக்கு முன் விளக்கைப் பாருங்கள்

கேள்வி: வரவேற்பறையின் ஒரு சுவருக்கு மட்டும் அடர் சிவப்பு அடிக்க விரும்புகிறோம். மாதிரிக்குச் சிறிது வாங்கிப் பூசிப் பார்த்ததில், பகலில் ஒயின் நிறமாக அழகாக இருக்கிறது. இரவில் எல்இடி வெளிச்சத்தில் பழுப்பேறி மங்கிவிடுகிறது. பெயின்ட்டில் குறையா? அறையில் தேக்கு நிற மரச்சாமான்களும் சாம்பல் நிற சோபாவும் இருக்கின்றன. மற்ற சுவர்களுக்கு எந்த நிறம் பொருந்தும்?

பதில்: பெயின்ட்டை விட விளக்கின் மீதுதான் எனக்குச் சந்தேகம். எல்இடி விளக்கின் பெட்டியில் 'சிஆர்ஐ 80' என்று அச்சிட்டிருப்பார்கள். நிறங்களை அது எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அந்த எண், 8 மென்மையான மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. அழுத்தமான சிவப்புக்கு உரிய 'ஆர்9' என்ற அளவு அதில் சேராது. ஆகவே 80 என்று போட்ட விளக்கும் உங்கள் சுவரைப் பொறுத்தவரை மோசமான விளக்காக இருக்கலாம். சிஆர்ஐ 90-க்கு மேலும், ஆர்9 குறிப்பிடப்பட்டிருந்தால் 50-க்கு மேலும், வெளிச்சம் மஞ்சள் சார்ந்ததா வெண்மையா என்பதைக் காட்டும் நிறவெப்பநிலை 2700 முதல் 3000 கெல்வின் வரையிலும் (மஞ்சள் சார்ந்த வெளிச்சம்) உள்ள ஒரு விளக்கை மாட்டி, அதே மாதிரியை மறுபடி பாருங்கள். மங்கலான வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு மற்ற நிறங்களை விடக் கருத்துத் தெரியும் என்பதால், அந்தச் சுவருக்கென்று தனி விளக்கு இருப்பதும் நல்லது.

மாதிரியைச் சுவரிலேயே பூசியதுதான் சற்று இடையூறு. பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணை ஏமாற்றும். இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில், ஓரங்களில் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு சோபாவின் பின்னாலும் அலமாரியின் அருகிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்.

இனி பொருத்தம். தேக்கில் ஆரஞ்சுச் சாயல் உண்டு. செங்கல் பக்கம் சாயும் சிவப்பு அதனோடு கலந்து மரத்தை மறைத்துவிடும்; நீலச்சாயல் கொண்ட ஒயின் சிவப்பு மரத்தை எடுத்துக்காட்டும், ஆனால் அதன் மஞ்சளையும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். இரண்டில் நான் ஒயின் சிவப்பையே தேர்ந்தெடுப்பேன். சாம்பல் நிறம் சிவப்பின் அருகில் லேசாகப் பச்சை தட்டுவது இயல்பு. அது உறுத்தினால் சோபாவை வேறு சுவரோரம் நகர்த்துவதே மலிவான தீர்வு. மற்ற மூன்று சுவர்களுக்கும் தூய வெள்ளை வேண்டாம், வேறுபாடு கடுமையாகிவிடும். பழுப்புச் சாயல் கலந்த வெளிர் வெள்ளை போதும். வெயில் படும்போது சிவப்பு அதன் மீது பிரதிபலித்து இளஞ்சிவப்பாக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரை, மெத்தையுறை எல்லாவற்றையும் அதே சிவப்பில் தேடி அலைய வேண்டியதில்லை. சரியாகப் பொருந்தாத இரண்டு சிவப்புகள் அருகருகே இருப்பதுதான் கண்ணுக்குப் பெரிய தொல்லை.

வாங்கும்போது, விலையை லிட்டருக்கு மட்டும் கணக்கிடாதீர்கள். கடையில் அடர் நிறங்களைக் கலக்க எடுக்கும் மூலப் பெயின்ட்டான பேஸில், அடியிலுள்ளதை மறைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவு. சிவப்பு நிறமிகள் பலவற்றுக்கும் மறைக்கும் திறன் குறைவு. எனவே வெள்ளை பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மீது நேரடியாக அடித்தால் 4 கோட் கூடத் தேவைப்படலாம்; கடையில் சாம்பல் நிறம் கலந்து தரச் சொல்லி வாங்கிய பிரைமரை முதலில் அடித்தால் பெரும்பாலும் 2 அல்லது 3 கோட்டில் முடியும். மேட் பூச்சில் கை பட்ட தடமும் உராய்வும் வெளுப்பாகத் தெரியும், பளபளப்பு கூடினால் சுவரின் மேடுபள்ளம் தெரியும் என்பதால் நடுத்தரமான சாட்டின் போன்ற பூச்சைப் பரிந்துரைக்கிறேன்.

டின்ட் (நிறச்சாயம்) கலந்த பெயின்ட்டைக் கடைகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை. ஆகவே பலகையில் முடிவு செய்யும் வரை பெரிய டின் வாங்காதீர்கள். முடிவு செய்தபின் தேவையான அளவை ஒரே முறையில் வாங்கி, எல்லா டின்களையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். கலவை விவரம் ஒட்டிய லேபிளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் அதே ஷேடைக் கேட்டு வாங்க முடியும்.