கருவி ஏந்தி நிற்கும் உழவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஒளிப்படங்களில் உழவர்கள் வேலை செய்யாமல், கலப்பையையோ மண்வெட்டியையோ பிடித்தபடி அசையாது நிற்கிறார்கள். அக்கருவிகளுக்குக் குறியீட்டுப் பொருள் உண்டா?
– வாசகர், கோப்பாய்

பதில்: உண்டு. ஆனால் அதைத் தேடுமுன் அக்காலக் கமராவின் இயல்பை நினைவிற் கொள்ள வேண்டும். 1851இல் பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டிற் பூசிய கலவை உலர்வதற்குள் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். ஒளி படும் நேரமும் பெரும்பாலும் சில விநாடிகள் நீளும். முன்பு நம் தோட்டங்களில் கிணற்றுநீர் இறைக்க, ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே நிற்பவர் நீர் அள்ளும் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் நீரைக் கவிழ்ப்பாரே, அந்தக் காட்சி அத்தகட்டில் வெறும் மங்கலாகவே பதிந்திருக்கும். அசைவைக் காட்ட இயலாத நிலையில், செய்யும் தொழில் இன்னதென்று சொல்லும் பொறுப்பு கையிலிருந்த கருவியின்மேல் விழுந்தது.

ஓவிய மரபும் இதில் கலந்தது. இங்கிலாந்தில் ஒளிப்பட முன்னோடி ஹென்றி பொக்ஸ் டல்பொட் 1844இல் எடுத்த 'திறந்த கதவு' என்னும் படத்தில் ஆளே இல்லை. வாசலிற் சாய்த்த விளக்குமாறும், சுவரில் தொங்கும் விளக்கும் கடிவாளமும் மட்டுமே உள்ளன. அன்றாடக் காட்சிகளைப் படமாக்குவதற்கு ஒல்லாந்து ஓவியர்களின் முன்மாதிரி போதுமென்று அவரே எழுதினார்.

குடியேற்ற நாடுகளில் இதே உத்தி எனக்கு வருத்தம் தரும் வேறொரு வேலையைச் செய்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்ற அரச வெளியீடு மனிதரைச் சாதி, இனம் என்று வகைபிரித்தது. படத்தின்கீழ் பெரும்பாலும் ஆளின் பெயர் இராது, வகையின் பெயரே இருக்கும். அத்தகைய படத்தில் கருவி ஒருவகை முத்திரை. நம் கோயில்களில் உழவாரம் தாங்கிய திருவுருவைக் கண்டதும் அப்பர் சுவாமிகள் என்று அறிகிறோம். அங்கே கருவி பெயரிடம் அழைத்துச் செல்கிறது. ஆல்பங்களிலோ அது பெயரின் இடத்தையே பிடித்துக்கொண்டது.

பழைய படமொன்று தங்கள் கைக்குக் கிடைத்தால், முதலில் கருவியின் பிடியையும் அலகையும் உற்றுப் பாருங்கள். தேய்ந்த அலகும் பழகிய பிடிப்பும் அது அவருடையதே என்று எண்ண இடந்தரும். தீட்டிய திரைச்சீலையின் முன், மண் படாத மண்வெட்டியுடன் ஒருவர் நின்றால், அதை அவர் கையிற் கொடுத்தவர் படம் எடுத்தவராகவும் இருக்கலாம்.