'இதுதான் கடைசிக் கட்டணம்' என்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே செய்யும் பகுதிநேர வேலை என்று கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வீடியோக்களுக்கு லைக் போட்டால் பணம். முதல் நாளே ஒரு சிறு தொகை என் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. அப்புறம் ஒரு குழுவில் சேர்த்து, முன்பணம் கட்டிச் செய்யும் 'டாஸ்க்' கொடுத்தார்கள். மூன்று முறை கட்டிவிட்டேன். அவர்களுடைய செயலியில் நான் கட்டியதைப் போல இரண்டு மடங்கு காட்டுகிறது. எடுக்கப் போனால், வரி கட்டினால்தான் விடுவிப்போம், இதுதான் கடைசி என்கிறார்கள். என் கணவருக்கு இன்னும் தெரியாது. இதையும் கட்டினால் பணம் வந்துவிடுமா?
– ஒரு வாசகி

பதில்: வராது. கட்டாதீர்கள். முதல் வேலையாக வங்கியை அழையுங்கள், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். வங்கியின் எண்ணை இணையத்தில் தேட வேண்டாம், போலி உதவி எண்களும் அங்கே கலந்திருக்கும். உங்கள் ஏடிஎம் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மோசடியில் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி, அது போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கக் கேளுங்கள். மூன்று பரிமாற்றங்களின் எண், நாள், நேரம், தொகை எல்லாம் கையில் இருக்கட்டும். புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் பணம் அனுப்பிய கணக்கு பெரும்பாலும் மோசடிக்காரர் பெயரில் இருக்காது. கமிஷனுக்கு ஆசைப்பட்டுத் தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவருடையதாக இருக்கும். அங்கிருந்து பணம் சில மணி நேரத்தில், சில சமயம் சில நிமிடங்களிலேயே, பல கணக்குகளுக்குப் பிரிந்து போய்விடும். கடைசியாகக் கட்டியது நேற்றோ இன்றோ என்றால் அதில் கொஞ்சமாவது பிடிபடலாம். முதலில் கட்டியது திரும்புவதற்கு வாய்ப்பு குறைவு, அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கார்டில் கட்டியிருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், கார்டு பரிவர்த்தனையை ஆட்சேபிக்க வேறு வழி உண்டு. முதல் நாள் உங்களுக்கு வந்த சிறு தொகையையும் சொல்லிவிடுங்கள். அது உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவரின் பணமாக இருக்கலாம். பிற்பாடு விசாரணை வந்தால், நீங்களே முன்வந்து சொன்னது பதிவில் இருப்பது நல்லது.

வங்கியிடம் பேசியதும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குழுவின் பெயர், பேசியவர்களின் எண்கள், பணம் கட்டச் சொன்ன செய்திகள், செயலியில் தெரியும் தொகை, ஒன்றையும் விடாதீர்கள். அதுவரை குழுவிலிருந்து வெளியேற வேண்டாம், அவர்களைத் திட்டவும் வேண்டாம். கோபத்தை அடக்குவது கஷ்டம்தான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்தால் உங்களை நீக்கிவிட்டு உரையாடலையும் அழித்துவிடுவார்கள். எடுத்து முடித்தபின் செயலியை நீக்கிவிட்டு, வேறொரு கைபேசியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். அதோடு காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள்.

சரி, "முதல் நாள் பணம் வந்ததே" என்று உங்கள் மனசு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும். வங்கி மோசடிப் புகார்களோடு பல வருடங்களாகப் பழகுகிறேன், கிட்டத்தட்ட எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்தச் சிறு தொகை உங்கள் நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. 1920-இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னார். வெளிநாட்டில் தபால்தலையாக மாற்றிக்கொள்ளக்கூடிய சர்வதேச அஞ்சல் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றி லாபம் பார்ப்பதாகக் கதை. முதலில் போட்டவர்களுக்குச் சொன்னபடியே கொடுத்தார், பின்னால் வந்தவர்களின் பணத்திலிருந்து. வாங்கியவர்களில் பெரும்பாலோர் அதை மறுபடியும் அவரிடமே போட்டார்கள். அவர் திரட்டிய பணத்துக்கு 16 கோடி கூப்பன்கள் வேண்டும், புழக்கத்தில் இருப்பதோ சுமார் 27,000 என்று செய்தித்தாளில் கணக்கு வெளிவந்தது. யாரும் கேட்டிருக்கக்கூடிய எளிய கேள்விதான். லாபத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாமல் போனதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

அந்த 'கடைசிக் கட்டணம்' அதைவிடப் பழையது. ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், விடுவிக்கப் பணம் அனுப்பினால் அவர் சொத்தில் பங்கு என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே கடிதங்கள் போயின. பணம் அனுப்பியதும் புதிதாக ஒரு தடங்கல் முளைக்கும், அதற்கும் பணம் வேண்டும். உங்களிடம் இன்றைக்கு வரி என்கிறார்கள். கட்டிவிட்டால் நாளைக்குச் சரிபார்ப்புக் கட்டணம், அப்புறம் 'கிரெடிட் ஸ்கோர்', அதாவது செயலியில் அவர்களே போடும் நம்பக மதிப்பெண், குறைந்துவிட்டது, அதற்கும் கட்டுங்கள் என்பார்கள்.

ஒரு பெரியவர் என் எதிரே உட்கார்ந்து கைபேசியை நீட்டியது ஞாபகம் இருக்கிறது. திரையில் பச்சை எழுத்தில் பெரிய தொகை. கீழே 'பணம் எடு' என்ற பொத்தானை அவரே அழுத்திக் காட்டினார். சக்கரம் சுற்றியது, சிவப்புப் பெட்டியில் 'வரி நிலுவை' என்று வந்தது. "இவ்வளவு இருக்கிறதே, இதிலேயே வரியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று கேட்டேன், விதியில் இடமில்லை என்கிறார்கள்" என்றார். அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. உண்மையில் பணம் இருந்திருந்தால் கழித்துக்கொண்டு கொடுப்பதில் என்ன தடை? கழிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. திரையில் தெரிவது யாரோ தட்டச்சு செய்த எண். குழுவில் "எனக்கு வந்துவிட்டது" என்று படம் போடுகிறவர்களும் பெரும்பாலும் அவர்களுடைய ஆட்கள்தான்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். சில நாட்களில் ஒருவர் பேசுவார். வக்கீல் என்பார், அதிகாரி என்பார், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்கட்டணம் மட்டும் போதும் என்பார். நீங்கள் இழந்த தொகையைக்கூடச் சரியாகச் சொல்வார். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுவதால்தான் அவருக்கு அது தெரியும். பதில் பேசாமல் அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.

கணவரிடம் இன்று இரவே சொல்லுங்கள். வீட்டில் தெரிந்தால் யாராவது தடுத்துவிடுவார்கள் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரியும், நீங்கள் மறைக்கும்வரை அவர்களுக்கு வசதி. எப்படி ஆரம்பிப்பது என்று தயங்கினால், "மூன்று முறை கட்டி ஏமாந்துவிட்டேன், நாலாவது கேட்டார்கள், கட்டவில்லை" என்று உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். அவர் கோபப்படலாம். கோபம் தணிந்ததும், புகார் கொடுக்கப் போகும்போது அவரையும் கூட்டிப் போங்கள். தேதிகளையும் தொகைகளையும் எழுதிக் கொடுக்கும்போது சரிபார்க்கப் பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது.