ஹிக்கின்பாதம் என்பது எந்த ஊர்? – கேள்வி பதில்

கே: சென்னை அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையைப் பார்க்கும்போதெல்லாம் யோசிப்பேன். அது ஆள் பெயரா?

ப: ஆள் பெயர்தான். ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திய புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். அவர்கள் அதை விற்றபோது தானே வாங்கி, 1844-ல் தன் பெயரில் நடத்தத் தொடங்கினார்.

கே: சரி, அந்தப் பெயருக்குப் பொருள்?

ப: இங்கிலாந்தின் பழைய லங்காஷயர் மாவட்டத்தில், போல்ட்டன் நகருக்கு அருகே ஓக்கன்பாட்டம் என்றோர் இடம் உண்டு. பெயராய்வாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் மூலமாகக் காட்டுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் அதை ‘அக்கின்பாதம்’ என்பதுபோல எழுதினார்கள். ‘ஓக் மரப் பள்ளத்தாக்கு’ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து வேறு ஊருக்குக் குடிபோனவரை ஊர் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கும் அதுவே நிலைத்தது.

கே: ஹிக்கின்ஸும் இதுவும் ஒரே குடும்பமா?

ப: இல்லை. ஹிக்கின்ஸ், ரிச்சர்டின் செல்லப்பெயரான ‘ஹிக்’கிலிருந்து வந்தது. காதுக்குப் பழகிய அந்த ஒலியின் பக்கம் ‘அக்கின்’ சாய்ந்திருக்க வேண்டும்.

கே: ‘பாட்டம்’ என்றால் பின்புறம் அல்லவா? கேலி செய்ய மாட்டார்களா?

ப: செய்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் புழக்கத்துக்கு வந்தது. பெயரோ அதற்கு ஐந்நூறு வருடம் மூத்தது! வட இங்கிலாந்தின் பென்னைன் மலைப்பக்கம் போனால் விளங்கும்: இருபுறமும் சரிவு, நடுவில் ஓடை, ஓடையோரம் வீடு கட்டுமளவுக்குக் கொஞ்சம் சமதரை. அந்தத் தரைதான் பாட்டம். 2008-ல் ஹாமில்டனில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்த இங்கிலாந்து கிரிக்கெட் பந்துவீச்சாளர் ரையன் சைட்பாட்டம் நினைவிருக்கிறதா? அவர் பெயர் ‘அகன்ற பள்ளத்தாக்கு’. இன்னொரு இங்கிலாந்து கிரிக்கெட் வீரரான இயன் போத்தமின் பெயரும் அதே சொல்தான், முன்னொட்டு இல்லாமல் தனியே நிற்கிறது.

கே: என் பாட்டி ஆங்கிலோ இந்தியர். அவர் வீட்டுப் பெயர் ஹிக்கின்பாட்டம். இது வேறு பெயரா?

ப: அதே பெயர்தான் அம்மா. இங்கிலாந்தில் தேவாலயப் பதிவேடுகள் 1538-ல் தொடங்கின. சொல்பவருக்கு எழுதத் தெரியாது, எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதுவார். ஒரே வீட்டு அண்ணனுக்கு ஒரு ‘டி’ (t), தம்பிக்கு இரண்டு, தங்கைக்கு ‘டிஹெச்’ (th) என்று அமைந்துவிடும். பாட்டியின் முன்னோரைத் தேடும்போது எழுத்தைப் பார்க்காதீர்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லி, அந்த ஒலிக்கு வரக்கூடிய எல்லா எழுத்துக்கூட்டலையும் தேடுங்கள். முதல் எழுத்து ‘ஹெச்’ இல்லாமலும் ஒருமுறை பாருங்கள். லங்காஷயர் பேச்சில் அது பெரும்பாலும் விழுந்துவிடும்.